ஐந்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஆபத்து வரக்கூடாது!

சாயங்காலம் ஆறரை மணி. ஆபீஸ் விட்ட கூட்டம் லஸ் கார்னரில் அலைமோதுகிறது. பஸ்சுக்குக் காத்து நிற்பவர்கள் ஒரு பக்கம். ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டுபவர்கள் ஒரு பக்கம். நடுவே ஒரு கூட்டம் மட்டும் பஸ்சையும் பார்ப்பதில்லை, ஆட்டோவையும் பார்ப்பதில்லை. விறுவிறு என்று நடக்கிறது. அதுதான் பறக்கும் ரெயில் கூட்டம்.

கவுண்டரில் 5 ரூபாய் நீட்டினால் டிக்கெட் வந்துவிடும். இன்றைக்கு 5 ரூபாய்க்கு மயிலாப்பூரில் வேறு என்ன கிடைக்கும்? ஒரு டீகூடக் கிடைக்காது. கடைப் பையனும், குமாஸ்தாவும், வீட்டு வேலை முடித்துத் திரும்பும் பெண்ணும் இந்த 5 ரூபாயை நம்பித்தான் மாத பட்ஜெட் போடுகிறார்கள்.

ரெயில்வே கணக்கில் இதன் பெயர் திருமயிலை ரெயில் நிலையம். ஊர் வாயில் லஸ் ஸ்டேஷன். திட்டம் போட்ட காலத்தில் அதிகாரிகளே "கடற்கரை - லஸ் பாதை" என்றுதான் எழுதி வந்தார்கள்.

இந்த ஸ்டேஷனும், இதோடு சேர்ந்த கடற்கரை - வேளச்சேரி பாதையும் மெட்ரோ ரெயில் நிறுவனத்தின் கைக்குப் போக வேண்டும் என்பது பல ஆண்டுப் பேச்சு. மாநில அரசு விடாமல் கேட்டு வந்தது. 2025-ம் ஆண்டு ரெயில்வே தரப்பு கொள்கை அளவில் சம்மதம் கொடுத்தது.

கை மாறட்டும். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மெட்ரோ ஸ்டேஷன்கள் பளிச்சென்று இருக்கின்றன. வெளிச்சம் இருக்கிறது, காவல் இருக்கிறது, லிப்ட் இருக்கிறது. பறக்கும் ரெயில் பயணிக்கும் அது கிடைத்தால் கசக்கவா செய்யும்?

ஆனால் மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணமே 10 ரூபாய். தூரத்துக்குத் தக்கபடி அது 50 ரூபாய் வரை ஏறுகிறது. பலகை மாறும் அன்றைக்கே கட்டணமும் மாறுமா? வெளிச்சத்துக்கும் லிப்டுக்கும் சேர்த்துப் பயணி தலையில் கட்டுவார்களா? லஸ் ஸ்டேஷனின் பழைய கதை தெரிந்தவர்களுக்கு இந்தப் பயம் வருவது நியாயம்தான்.

பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்

இந்த ஸ்டேஷன் நிற்பது தரையில் அல்ல, தண்ணீரில். கீழே எட்டிப் பார்த்தால் கறுப்பாக ஒன்று அசையாமல் கிடக்கும். அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். சாக்கடை என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் அதன் வரலாற்றைக் கேட்டால் கொஞ்சம் நின்றுதான் போவார்கள்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் ஆட்டிப் படைத்தது. பட்டினியில் மடிந்தவர்கள் லட்சக்கணக்கில். கிராமத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு பட்டணத்துக்கு ஓடி வந்தார்கள். சும்மா கஞ்சி ஊற்ற வெள்ளைக்கார சர்க்காருக்கு மனம் வரவில்லை. மண் வெட்டினால் கூலி என்றது.

எலும்பும் தோலுமாக வந்தவர்கள் மண்வெட்டி பிடித்தார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து 1877-78-ல் சுமார் 8 கிலோ மீட்டர் கால்வாய் வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் கோமகன். வெட்டியவன் பெயர் ஒன்றுகூட எங்கும் இல்லை. கவர்னர் பெயர் நிலைத்துவிட்டது.

வடக்கே எண்ணூர் பக்கம் 1806-ல் தொடங்கிய கால்வாய் ஏற்கனவே இருந்தது. நடுவில் இந்த 8 கிலோ மீட்டரும் சேர்ந்ததும் ஆந்திராவிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோ மீட்டருக்குப் படகுப்பாதை உருவாயிற்று. விறகு வந்தது, உப்பு வந்தது, நெல் வந்தது, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் வந்தது. எல்லாம் மயிலாப்பூரில் படகிலிருந்து இறங்கின. லஸ் பக்கத்துக் காய்கறி மார்க்கெட்டுக்கு இன்றும் தண்ணித்துறை மார்க்கெட் என்று பெயர். துறை போய்விட்டது. தண்ணீரும் போய்விட்டது. பெயர் மட்டும் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது.

ரெயில் வந்தது, லாரி வந்தது, படகுக்காரன் பிழைப்பு போயிற்று. 1965, 1966 ஆண்டுகளில் அடித்த புயல்களில் கால்வாய்க் கரை சிதைந்தது. அதைத் திரும்பச் செப்பனிட்டுப் படகு விட யாரும் முன்வரவில்லை. ஊர்க் கழிவெல்லாம் அதில் வந்து விழுந்தது. பஞ்சக் கூலிகள் வெட்டிய கால்வாய் கொசு வளர்க்கும் குட்டை ஆயிற்று.

வேண்டாத பிள்ளை ஆகிவிட்ட கால்வாய் மீதுதான் ரெயில்வே என்ஜினீயர்களின் கண் விழுந்தது.

நிலம் தேடி வந்த ரெயில்

பட்டணத்தில் ரெயில் பாதை போட வேண்டுமானால் நிலம் வேண்டும். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் நிலம் எடுப்பது லேசான காரியமா? வீட்டை இடிக்க வேண்டும், நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும், கோர்ட்டுக்குப் போக வேண்டும். கால்வாய்க்கு அந்தத் தொல்லை கிடையாது. அது சர்க்கார் சொத்து. தண்ணீருக்கு வக்கீல் இல்லை.

எனவே கால்வாய்க்குள்ளேயே தூண்களை இறக்கினார்கள். கடற்கரையிலிருந்து பூங்கா நகர் வரை பாதை தரையில் போகும். அதற்கு அப்பால் மேலே ஏறிவிடும். இந்தியாவிலேயே தூண்கள் மேல் ஓடிய முதல் நகர ரெயில் பாதை இதுதான். "பறக்கும் ரெயில்" என்று ஜனங்களே பெயர் வைத்தார்கள். அரசாங்கம் வைத்த நீளமான பெயர் யாருக்கும் நினைவில்லை.

1980-களின் நடுவில் வேலை தொடங்கியது. முதல் கட்டம் சுமார் 9 கிலோ மீட்டர். தொடக்கத்தில் போட்ட கணக்கு சுமார் 53 கோடி ரூபாய். முடிந்தபோது 260 கோடியைத் தாண்டியிருந்தது. பத்து ரூபாய்க்கு மளிகை வாங்கப் போனவன் ஐம்பது ரூபாய் பில்லோடு திரும்பினால் வீட்டில் என்ன நடக்கும்? இங்கே ஒன்றும் நடக்கவில்லை.

1995-ம் ஆண்டு நவம்பரில் சேப்பாக்கம் வரை ரெயில் ஓடியது. மயிலாப்பூருக்கு வர இன்னும் இரண்டு ஆண்டுகள். 1997-ம் ஆண்டு அக்டோபர் 19-ந்தேதி திருமயிலை ஸ்டேஷன் திறக்கப்பட்டது. அதற்குப் பின் 6 ஆண்டுக்கு மேல் இதுதான் கடைசி ஸ்டேஷன். ரெயில் இங்கே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும்.

திருவான்மியூருக்குப் போக 2004 ஜனவரி 26 ஆயிற்று. வேளச்சேரிக்கு 2007 நவம்பர் 19. இந்த இரண்டாவது கட்டத்துக்கு ஆன செலவில் மூன்றில் இரண்டு பங்கு மாநில அரசினுடையது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

முண்டகக்கண்ணி அம்மன் கோவில் ஸ்டேஷன் கதை தனி. கலங்கரை விளக்கத்துக்கும் திருமயிலைக்கும் நடுவில், ரெயில் தினமும் கடந்துபோகும் வழியில்தான் அது இருக்கிறது. 2014 ஏப்ரல் 14-ந்தேதிதான் அதில் ரெயில் நின்றது. 17 வருடம் அந்தப் பகுதி ஜனங்கள் தலைக்கு மேல் ரெயில் போவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரண்மனை மாதிரி கட்டிடம்

லஸ் ஸ்டேஷனை முதன்முதலில் பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அடேயப்பா, எவ்வளவு பெரிய கட்டிடம்! டிக்கெட் கொடுக்க ஒரு தளம், ரெயில் நிற்க அதற்கும் மேலே ஒரு தளம். சுற்றிலும் கூடம் கூடமாக இடம். கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் வாடகைக்கு விட்டால் வருமானம் கொட்டும் என்பது கட்டியவர்கள் போட்ட கணக்கு.

கொட்டவில்லை. இந்தப் பாதையில் உள்ள பெரிய பெரிய ஸ்டேஷன் கட்டிடங்களில் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் காலியாகவே கிடந்தது. வாடகைக்கு வந்தவர்களை விட சினிமா ஷூட்டிங்குக்கு வந்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். கதாநாயகன் வில்லனைத் துரத்த ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வேண்டாமா?

ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்கு வேறு ஆட்களும் வருவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தனியாக வரும் பெண்கள் கூட்டம் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அதில் ஓடி ஏறுவது இந்தப் பாதையில் சகஜம்.

2022-ம் ஆண்டு ஜனவரியில் திருவான்மியூர் ஸ்டேஷனில் பட்டப்பகல் விடியும் முன்பே ஒரு பரபரப்பு. டிக்கெட் கவுண்டரில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளை, லட்ச ரூபாய்க்கு மேல் போய்விட்டது என்று செய்தி பறந்தது. போலீசார் துருவினார்கள். கொள்ளையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. உள்ளே இருந்த ஊழியரே கட்டிய கதை அது. கதை பொய்தான். ஆனால் கேட்ட மாத்திரத்தில் ஊரே நம்பியது. பறக்கும் ரெயில் ஸ்டேஷனா, அங்கே நடந்தாலும் நடக்கும் என்றுதான் எல்லோர் வாயிலும் வந்தது. ஒரு ரெயில் பாதைக்கு இதைவிடக் கெட்ட பெயர் வேண்டுமா?

இவ்வளவுக்கும் காரணம் ஸ்டேஷன்கள் இருக்கும் இடம். பயணி எங்கே இருக்கிறான் என்று பார்த்து ஸ்டேஷன் வைக்கவில்லை. கால்வாய் எங்கே போகிறது என்று பார்த்து வைத்தார்கள். மெயின் ரோட்டை விட்டு ஒதுங்கி, சந்துக்குள் புகுந்து, சாக்கடையைத் தாண்டிப் போய் ஏற வேண்டிய ஸ்டேஷன்கள் எத்தனை? அந்த வகையில் லஸ் ஸ்டேஷன் அதிர்ஷ்டசாலி. பஸ் போகும் ரோடும், மார்க்கெட்டும், கபாலீஸ்வரர் கோவிலும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று இந்தப் படிக்கட்டைப் பார்த்தால் தெரியும்.

அந்தப் படிக்கட்டுதான் வயதானவர்களுக்கு எமன். எஸ்கலேட்டர் ஓடினால் அன்றைக்குப் புண்ணியம். ஓடாத நாளில் முழங்கால் பிடித்துக்கொண்டு, நாலு படிக்கு ஒரு தரம் நின்று, "கபாலீஸ்வரா" என்று ஏற வேண்டும். மேலே போய்ச் சேருவதற்குள் ரெயில் போய்விட்டால் அடுத்த ரெயிலுக்கு பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். அது ஒன்றுதான் சௌகரியம்.

கால்வாய் கொடுத்த விலை

பயணி கொடுத்த விலை இது. கால்வாய் கொடுத்த விலை வேறு. தண்ணீர் போகும் வழியில் வரிசையாகத் தூண் நின்றால் குப்பை தங்கும், சேறு சேரும், வழி குறுகும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். மழைக்காலத்தில் ஊர்த் தண்ணீரை வாங்கிக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் தள்ள வேண்டிய கால்வாய் தானே நிரம்பி நிற்கிறது. மயிலாப்பூர்த் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது மேலே ரெயில் நனையாமல் போகும்.

2008-ம் ஆண்டு பக்கிங்ஹாம் கால்வாயைச் சேர்த்துக் காக்கிநாடா - புதுச்சேரி தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவிப்பு வந்தது. அறிவிப்பு போட்டவர்கள் மயிலாப்பூர் வந்து இந்தத் தூண்களைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எந்தப் படகு இதற்குள் நுழையும்?

முன்னால் வந்ததைப் பின்னால் வந்தது விழுங்குவது இந்த இடத்தின் தலைவிதி போலிருக்கிறது. படகை ரெயில் விழுங்கியது. இப்போது மூன்றாவதாக மெட்ரோ வந்திருக்கிறது.

மேலே ஒன்று, கீழே ஒன்று

மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு பாதைகள் திருமயிலையில் சந்திக்கின்றன. ஒன்று மாதவரத்திலிருந்து வருவது. மற்றொன்று கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போவது. இதற்காக பூமிக்கு அடியில் சுமார் 35 மீட்டர் ஆழத்துக்கு ஸ்டேஷன் தோண்டும் வேலை. பத்து மாடிக் கட்டிடத்தைத் தலைகீழாகப் புதைத்தால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு. சென்னையில் இவ்வளவு ஆழமான ஸ்டேஷன் வேறு கிடையாது.

மேலே பறக்கும் ரெயில், நடுவில் கால்வாய், கீழே மெட்ரோ. ஒரே இடத்தில் மூன்று. இந்த வேலைக்காக லஸ் பக்கத்து ரோடுகளை அடைத்து, பஸ்களைச் சுற்றி விட்டு, கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துப் போனது ஊருக்கே தெரியும். பொறுத்துக்கொண்டார்கள். நாளைக்கு நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை.

பொறுத்துக்கொள்வதில் பறக்கும் ரெயில் பயணியை மிஞ்ச ஆள் கிடையாது. 2023 ஆகஸ்டு 27-ந்தேதி கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே ரெயிலை நிறுத்தினார்கள். கடற்கரை - எழும்பூர் நாலாவது பாதை வேலை, ஏழு மாதத்தில் முடியும் என்றார்கள். திரும்ப ரெயில் ஓடியது 2024 அக்டோபர் 29-ந்தேதி. பதினாலு மாதம்! பாரிமுனை கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் போகிறவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, பஸ் பிடித்து, இரட்டைச் செலவு செய்து வேலைக்குப் போனார்கள். சீசன் டிக்கெட் பையில் இருந்தும் பஸ்சுக்குத் தனியாகக் காசு. எந்த அதிகாரியின் சம்பளத்தில் இதைப் பிடித்தார்கள்?

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோ மீட்டர் நீட்டும் வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2008-ல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் அரை கிலோ மீட்டர் நிலத் தகராறில் பத்து ஆண்டுக்கு மேல் சிக்கிக்கொண்டது. தூண்கள் மட்டும் வெயில் காய்ந்தன.

இத்தனைக்குப் பிறகும் ஜனங்கள் இந்த ரெயிலை விடவில்லை. தரமணிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த பிறகு காலை நேரத்தில் நிற்க இடம் கிடைப்பதே பாடு. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் என்றால் கேட்கவே வேண்டாம். காலியாகக் கிடக்கிறது என்று கேலி செய்த காலம் போய்விட்டது. பஸ்சைவிடச் சீக்கிரம், ஆட்டோவைவிட மலிவு. அதனால்தான் ஏறுகிறார்கள். படிக்கட்டின் அழகைப் பார்த்து யாரும் ஏறவில்லை.

கேட்க வேண்டியது என்ன?

கை மாறும்போது மெட்ரோ தரப்பு ஒரு கணக்கு காட்டலாம். 5 ரூபாயில் லிப்ட் ஓட்ட முடியுமா, விளக்கு போட முடியுமா, காவல் வைக்க முடியுமா என்று கேட்கலாம். கேள்வி சரிதான். பதிலும் இருக்கிறது.

பாதை போட்ட பணம் ஏற்கனவே ஜனங்கள் பணம். முதல் கட்டம் ரெயில்வே பணம். இரண்டாவது கட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாநில அரசின் வரிப்பணம். கட்டியவனிடமே இரண்டாவது தடவை வசூல் பண்ணுவது எந்த ஊர் நியாயம்?

மாதா மாதம் ஆகும் செலவுக்கு வழி இல்லையா? காலியாகக் கிடக்கும் அந்தக் கூடங்கள் எதற்கு? லஸ் ஸ்டேஷன் ஒன்றில் மட்டுமே எத்தனை கடை போடலாம்! மயிலாப்பூரில் பத்தடிக்குப் பத்தடிக் கடைக்கு வாடகை என்ன என்று எந்த வியாபாரியைக் கேட்டாலும் சொல்வார். மெட்ரோவின் ஒரு டெண்டர் விளம்பரம் போதும். வெளிச்சமும் வரும், ஆள் நடமாட்டமும் வரும், வாடகையும் வரும். ராத்திரி வரும் பெண்களுக்குப் போலீஸ் பூத்தை விடக் கடைவெளிச்சம் பெரிய துணை.

வேலை செய்யும் லிப்ட் முதல் மாதத்திலேயே வேண்டும். பெயிண்ட் அடிப்பது, பெயர்ப்பலகை மாற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு. லஸ் கார்னர் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஸ்டேஷன் வாசல் வரை மழையில் நனையாமல், பள்ளத்தில் விழாமல் நடக்க ஒரு நடைபாதை போட வேண்டும். 35 மீட்டர் ஆழத்து மெட்ரோவிலிருந்து பறக்கும் ரெயில் பிளாட்பாரத்துக்கு நேராக வர வழி விட வேண்டும். பூமிக்கு அடியிலிருந்து ரோட்டுக்கு ஏறி, ரோட்டைத் தாண்டி, திரும்பவும் படிக்கட்டு ஏறச் சொன்னால் அது சந்திப்பு ஸ்டேஷன் ஆகாது. இரண்டு ஸ்டேஷன் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான்.

கால்வாய்க்கும் யாராவது பொறுப்பு ஏற்க வேண்டும். ரெயில்வேயைக் கேட்டால் பொதுப்பணித் துறை, அவர்களைக் கேட்டால் கார்ப்பரேஷன் என்று கை காட்டும் விளையாட்டு இத்தனை காலம் நடந்தது. தூணுக்குச் சொந்தக்காரர் யாரோ அவர்தான் தூணைச் சுற்றிய சேற்றையும் வருடா வருடம் மழைக்கு முன்னால் அள்ள வேண்டும் என்று எழுதிவிட்டால் முடிந்தது வழக்கு.

எல்லாவற்றுக்கும் முன்னால் கட்டணம். மாநில அரசும் மெட்ரோ நிறுவனமும் கடற்கரை முதல் வேளச்சேரி வரை ஸ்டேஷன்வாரியாகக் கட்டணப் பட்டியலை அச்சடித்து, ஒவ்வொரு கவுண்டர் பக்கத்திலும் ஒட்ட வேண்டும். சாதா டிக்கெட் எவ்வளவு, மாத சீசன் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு ஏற்ற மாட்டார்கள் என்று அதில் இருக்க வேண்டும். ஒட்ட வேண்டியது பொறுப்பு மாறுவதற்கு முந்தின நாள். அடுத்த நாள் காலையில் கவுண்டரில் 5 ரூபாய் நீட்டுகிறவரிடம், "இன்னும் 5 ரூபாய் கொடுங்க சார்" என்று உள்ளேயிருந்து குரல் வரக்கூடாது.